பதினாறு நெருப்புப் பெட்டிகளின் நீதி

கொங்காவலவில் ஸக்கரியா மாஸ்டர் வீட்டில் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை அடிமட்டம் வைத்து அளந்துதான் வெட்டுவார்கள். பிள்ளைகள் நாலு பேர், பெரியவர்கள் இரண்டு பேர், ஆறு துண்டும் ஒரே அளவு. ஓரத்துத் துண்டில் கருப்பட்டிப் பாணி குறைவென்று இளைய மகள் ஒருமுறை அழுதாள். அன்றிலிருந்து ஓரத்துத் துண்டும் முறைவைத்துச் சுற்றிவந்தது. போன பெருநாளைக்கு ஓரம் தின்றவருக்கு இந்தப் பெருநாளைக்கு நடு. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் அவருடைய மனைவி மஸூதா சொல்வாள்:

"ஊர்ல எல்லா வீட்டுலயும் வட்டிலப்பம் வாயில கரையும். எங்க வீட்டுல மட்டும் அது கேத்திரகணிதம்."

இந்த நோய்க்கு ஒரு காரணம் உண்டு. ஸக்கரியா மாஸ்டர் ஒரு தையற்காரரின் ஏழு ஆண்மக்களில் ஆறாமவர். மூத்தவருக்குத் தைத்த சட்டை படிப்படியாக இறங்கி அவரிடம் வந்து சேரும்போது அதில் துணியைவிட நூல்தான் அதிகமாக இருக்கும். அதற்குப் பிறகு அந்தச் சட்டையை யாருக்கும் கொடுக்க முடியாது என்பதால் ஏழாமவருக்குப் புதுச்சட்டை. நியாயம் தானாக நடக்காது, யாராவது உட்கார்ந்து அதை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எட்டு வயதில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பிறகு கணித ஆசிரியரானார்.

மாத்தளை நகரில் தோட்டத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து படித்த ஒரு தமிழ்ப் பாடசாலையில் அவர் படிப்பித்தார். பரீட்சை மண்டபக் கடமை, வாசற்கடமை, ஆசிரியர் அறையில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் கதிரை, எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கிப் பங்கிடுவது அவர் வேலை. யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. வேண்டாமென்று யாரும் சொல்லவுமில்லை, மின்விசிறிக் கதிரை தங்களுக்கு விழாத நாட்களில் தவிர.

பாடசாலை அதிபர் மாணிக்கவாசகம் 1987இல் கொழும்பில் மூன்று நாள் நிர்வாக முகாமைத்துவக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்வந்தார். அங்கிருந்து ஒரு தோல் பையும், 'குழு உணர்வு' என்ற சொல்லும், 'இரகசிய நண்பர்' என்ற விளையாட்டும் கொண்டுவந்தார். தோல் பையைத் தான் வைத்துக்கொண்டார். மற்ற இரண்டையும் பாடசாலைக்குக் கொடுத்தார்.

விளையாட்டு இலேசானது. எல்லோருடைய பெயரையும் துண்டுகளில் எழுதிப் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். யாருடைய பெயர் வருகிறதோ அவருக்குப் பள்ளித் தவணையின் கடைசி நாளில் ஒரு பரிசு வைக்க வேண்டும். வைத்தவர் யாரென்று சொல்லக்கூடாது. முதல் வருடம் அதிபரே பிஸ்கட் டின் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். டின்னுக்குள் அதிபரின் பெயர் எத்தனை துண்டில் இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. கடைசி நாளில் அவருக்கு ஐந்து பரிசு வந்தது. உடற்கல்வி ஆசிரியர் லெட்சுமணனுக்கு அவருடைய பெயரே விழுந்திருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தனக்குத்தானே ஒரு சீப்பு வாங்கிக் கலர்த்தாளில் சுற்றிவைத்து, எல்லோர் முன்னாலும் பிரித்து, "அட, யாருக்கு இப்படித் தோணிச்சு!" என்று ஆச்சரியப்பட்டார். சங்கீத ஆசிரியை புஷ்பவதிக்கு ஒன்றுமே வரவில்லை. அவர் மேசையைச் சுற்றி இரண்டு தரம் நடந்துவிட்டுத் தலைவலி என்று வீட்டுக்குப் போனார். பாடசாலையைக் கூட்டித் தேத்தண்ணி போடும் சுந்தரம்மாவின் பெயர் டின்னுக்குள் போகவேயில்லை. அவள் கோப்பைகளைக் கழுவினாள்.

அடுத்த வருடம் ஆசிரியர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்ததும் ஸக்கரியா மாஸ்டர் எழுந்தார்.

"சேர், இந்த முறை நியாயமா நடத்தணும். யாருக்கும் அவங்க பேரே விழக்கூடாது. எல்லாருக்கும் ஒண்ணு கிடைக்கணும், ஒண்ணுதான் கிடைக்கணும். அப்புறம், நடத்துறவனுக்குக்கூட யாரு யாருக்குக் குடுக்கிறாங்கன்னு தெரியக்கூடாது."

ஐந்து பரிசு வாங்கியவருக்கு இரண்டாவது நிபந்தனையே கசந்தது. ஆனால் அதைச் சொல்ல முடியாதே. அதிபர் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார்.

"நிர்வாகத்துக்குத் தெரியாம ஒரு விஷயம் எப்படி மாஸ்டர் நடக்கும்?"

"ரகசியம்னா அதானே சேர்."

"சரி, சரி."

"இன்னொண்ணு. சுந்தரம்மாவையும் சேர்க்கணும்."

அறையில் பேச்சு நின்றது. அந்த நேரம் பார்த்துச் சுந்தரம்மாவே தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்ததால், பேச்சு நின்றதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழு உணர்வைப் பற்றி வாராவாரம் பேசிவந்த அதிபரால் மறுக்கவும் முடியவில்லை. உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் அதிபர். உபதலைவர் புஷ்பவதி டீச்சர். வேலை செய்வதற்கு ஸக்கரியா மாஸ்டர்.

தலைவர் என்ற முறையில் அதிபர் ஒரு புதுமையைச் சேர்த்தார். பரிசு கொடுக்கும் நாளுக்குச் சரியாக ஏழு நாள், ஒரு கிழமைக்கு முன்னால், ஒவ்வொருவரும் தம்முடைய ஆளுக்கு ஆவலைத் தூண்டும்படி பெயரில்லாத ஒரு துண்டு அனுப்ப வேண்டும். கருத்தரங்கில் அப்படித்தான் செய்தார்களாம். ஸக்கரியா மாஸ்டர் நீதியின் பேரால் அதற்கு ஒரு வால் ஒட்டினார்: யாருடைய எழுத்தென்று கண்டுபிடிக்க முடியாதபடி துண்டு இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை ஸக்கரியா மாஸ்டருக்கு நிம்மதி இருக்கவில்லை. ஒவ்வொருவராக அவரைத் தனியே சந்தித்தார்கள். புஷ்பவதி டீச்சர் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பிடித்தார்.

"மாஸ்டர், நியாயம் வேணும்னு முதல்ல சொன்னது நான்தான். அதுல மாற்றமில்ல. எனக்கு அதிபர் பேரு மட்டும் விழாமப் பார்த்துக்குங்க."

"அது என் கையில இல்லியே டீச்சர்."

"உங்க கையில இல்லாம யாரு கையில இருக்கு? போன முறை டின்னு அவரு கையில இருந்திச்சு, அவருக்கு அஞ்சு. இந்த முறை உங்க கையில."

லெட்சுமணன் தனக்கு நல்ல ரசனையுள்ள யாராவது பரிசு தரும்படி பார்க்கச் சொன்னார். இன்னொருவர், தோட்டப் பக்கத்தில் இருந்து வருகிறவர், தனக்கு உடையக்கூடிய சாமான் வராமல் பார்க்கச் சொன்னார், பஸ்ஸில் கூட்டம் என்று. அதிபர் ஒன்றும் கேட்கவில்லை. தன்னுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு பழசாகிவிட்டதை மட்டும் மூன்று முறை எடுத்துக் காட்டினார். எல்லோருக்கும் ஸக்கரியா மாஸ்டர் ஒரே பதிலைச் சொன்னார். எல்லோரும் அந்தப் பதிலை ஒரே மாதிரி விளங்கிக்கொண்டார்கள்: வேறு யாருக்கோ செய்து கொடுத்துவிட்டார்.

வீட்டில் நெருப்புக் குச்சிகள் பால்மா டின்னுக்குள் கொட்டப்பட்டிருந்தன. மஸூதா அடுப்பு மூட்டப் பெட்டியைத் தேடினாள். பெட்டிகள் கூடத்தில் பாயின் மேல் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. ஸக்கரியா மாஸ்டர் அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது?"

"நீதி."

"நீதிய ஒரு ஓரமா வைங்க. குச்சிய எதுல உரசுறது?"

ஆனால் வழி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நவம்பர் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, பள்ளி விட்ட பிறகு, விஞ்ஞான அறையின் பெரிய மேசையைச் சுற்றிப் பதினாறு பேர் நின்றார்கள். ஆளுக்கு ஒரு வெறும் நெருப்புப் பெட்டி கொடுக்கப்பட்டது. எல்லாம் ஒரே சாதிப் பெட்டி. ஒவ்வொருவரும் பெட்டியின் வெளிக்கூட்டில் ஒரு பக்கம் தன் பெயரை எழுதினார்கள். அதே பெயரை ஒரு சின்னத் துண்டிலும் எழுதி, மடித்து, உள்தட்டில் போட்டு மூடினார்கள். பிறகு பெயர் எழுதிய பக்கம் கீழே இருக்கும்படி எல்லாப் பெட்டியையும் மேசையில் வைத்து, பதினாறு பேரும் கைவைத்துக் கலக்கினார்கள். எது யாருடையது என்று இப்போது யாருக்கும் தெரியாது. பெட்டிகள் வட்டமாக வைக்கப்பட்டன. ஒவ்வொருவரும் ஒரு பெட்டியின் முன்னால் நின்றார்கள்.

"நான் மூணு சொன்னதும் உள்தட்ட மட்டும் வெளிய எடுத்து, வலப்பக்கத்துல இருக்கிறவங்களோட கூட்டுக்குள்ள தள்ளணும். கூட்டைத் திருப்பக் கூடாது. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

லெட்சுமணன் இடப்பக்கம் தள்ளினார். ஒரு கூட்டுக்குள் இரண்டு தட்டு நுழையப் பார்த்தது, ஒரு கூடு வெறுமையாகக் கிடந்தது. "அணிவகுப்புல வலம் இடம் சொல்லிக் குடுக்கிறவரே நீங்கதானே!" என்றார் புஷ்பவதி. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்கள். இரண்டாம் முறை சரியாக நடந்தது. பெட்டிகளை மறுபடியும் நன்றாகக் கலக்கி, நிமிர்த்தி வைத்தார்கள். அவரவர் பெயருள்ள கூட்டை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தது இன்னொருவரின் பெயர். தன் பெயர் தனக்கு வர வழியே இல்லை. யாரும் விடுபட வழியில்லை. இருவர் ஒருவருக்கொருவர் பேசிவைத்துக் கொடுத்து வாங்கவும் வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸக்கரியா மாஸ்டருக்குத் தன் பெட்டிக்குள் இருந்த பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. அன்று மாலை அவர் சைக்கிளில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனதை ஊர் பார்த்தது.

அவர் யோசிக்காத ஒன்று இருந்தது. அது 1988, அரசுக்கு எதிராகக் கிளர்ந்த தலைமறைவு இயக்கமொன்றின் துண்டுகள் நாட்டில் ஆட்சி செய்த வருடம். யாரோ சிங்களத்தில் எழுதிய, பெயரில்லாத ஒரு துண்டு விடியற்காலையில் கதவில் ஒட்டியிருந்தால் மாத்தளைக் கடைவீதி முழுவதும் மூடும். பஸ் ஓடக்கூடாது என்றால் ஓடாது. விளக்கை அணை என்றால் ஊர் இருண்டுவிடும். மேலிடத்துச் சுற்றறிக்கைக்கு மூன்று நினைவூட்டல் வந்த பிறகும் அசையாத அரசாங்கக் கந்தோர்கள், கொப்பித்தாளில் கிறுக்கிய இரண்டு வரிக்குக் காலை எட்டு மணிக்கே பூட்டின. துண்டை மதிக்காதவர்களுக்கு நடந்ததை ஊர் மெல்லிய குரலில் பேசியது. துண்டு எழுதியதாகப் படையினர் சந்தேகப்பட்டுக் கொண்டுபோனவர்களுக்கு நடந்ததை அதைவிட மெல்லிய குரலில் பேசியது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பாடசாலையின் பதினாறு பேர், யாருடைய எழுத்தென்று தெரியாதபடி, பெயரில்லாத துண்டு எழுத உட்கார்ந்தார்கள்.

பெரும்பாலான துண்டுகள் சாதுவானவை. புஷ்பவதி டீச்சருக்கு, 'உங்கள் பாட்டைப் போல உங்கள் பரிசும் இனிக்கும்' என்று வந்தது. இனிப்பு என்றால் தனக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரியாதா என்று அவர் கோபித்துக்கொண்டார். அதிபருக்குரிய துண்டு ஒரு புதன்கிழமை வந்தது. அன்று ஹர்த்தால், பாடசாலை மூடியிருந்தது. அதனால் அது அவருடைய வீட்டுக் கதவுக்குக் கீழால் தள்ளப்பட்டிருந்தது. கையால் எழுதியதல்ல. தட்டச்சில் அடித்தது.

'இத்தால் தங்களுக்கு அறியத்தருவது யாதெனில், எதிர்வரும் புதன்கிழமை தங்களுக்குச் சேரவேண்டியது தவறாது சேர்ப்பிக்கப்படும். தங்கள் வரவும் போக்கும் பழக்கவழக்கங்களும் எமக்கு நன்கு தெரியும். இவ்விடயத்தை வேறெவருக்கும் வெளியிட வேண்டாம்.'

அதிபர் அதைக் கதவடியில் நின்றபடியே நாலு முறை வாசித்தார். விளையாட்டுத் துண்டாக இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அவர் கொண்டுவந்த விளையாட்டுத்தானே. ஆனால் விளையாட்டில் யார் 'எமக்கு' என்று எழுதுவார்கள்? விளையாட்டுத்தான் என்று சும்மா இருந்து, அது விளையாட்டாக இல்லாவிட்டால்? பயந்து ஓடி, அது விளையாட்டாகவே இருந்துவிட்டால்?

இரண்டுக்கும் நடுவில் அவர் ஒரு வழி எடுத்தார். தனக்கு என்னதான் 'சேரவேண்டும்' என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வியாழக்கிழமை காலை, திருத்தக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டு இரண்டு வருடமாகக் காணாமலிருந்த பாடசாலைச் சுவர்க்கடிகாரம் மண்டபத்தில் தொங்கியது. வெள்ளிக்கிழமை விஞ்ஞான அறைக்கு இரண்டு முக்காலிகள் திரும்பி வந்தன. திங்கட்கிழமை வலைப்பந்து வலை வந்தது. அது அதிபர் வீட்டுப் பாகற்பந்தலில் இருந்தது போலும். அவசரத்தில் கழற்றியதில் ஓரத்தில் கொடியும் இரண்டு பிஞ்சும் கூடவே வந்திருந்தன. ஆசிரியர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். கருத்தரங்கில் சொல்லிக்கொடுத்தது இப்போதுதான் வேலை செய்கிறது என்றார் லெட்சுமணன்.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமையே அதிபர் ஸக்கரியா மாஸ்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மாஸ்டர், இத வாசிங்க. யாரு அனுப்பினது?"

"தெரியாது சேர்."

"நடத்துறது நீங்க!"

"நடத்துறவனுக்கும் தெரியாத மாதிரித்தானே சேர் நடத்தியிருக்கேன். நீங்களும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

"எனக்கு வெளையாட்டு வேணாம் மாஸ்டர். என் பேரு யாருக்கு விழுந்திச்சு? அத மட்டும் சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"எனக்குத் தெரிஞ்சா சொல்லமாட்டேன் சேர். ஆனா எனக்குத் தெரியவே தெரியாது. அதுதான் இந்த முறையோட அழகு."

அதிபருக்கு அந்த நேரத்தில் அழகை ரசிக்கும் மனநிலை இருக்கவில்லை. "இப்ப தமிழ்லயும் அனுப்பத் தொடங்கிட்டாங்களோ தெரியாது" என்றார். எழுந்துபோய், சாத்திய கதவை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். ஐந்து பரிசு வாங்கிய மனிதர்தான். என்றாலும் அவரைப் பார்க்க ஸக்கரியா மாஸ்டருக்குப் பாவமாக இருந்தது. எழுதியவரைக் காட்டிக்கொடுக்காமலே இது விளையாட்டுத் துண்டுதானா என்று கண்டுபிடிக்கத் தன்னால் முடியும், திங்கட்கிழமை வரை பொறுங்கள் என்றார்.

"ஒண்ணு மட்டும்" என்றார் அதிபர். "இத ஆசிரியர்களுக்குள்ள வச்சுக்குங்க. சிற்றூழியர் காதுக்குப் போகக்கூடாது. மரியாதை போயிடும்."

மாத்தளையில் மிளகும் ஏலமும் பலகையில் எழுதும் சாக்குக்கட்டியைவிட இலேசாகக் கிடைக்கும். திங்கட்கிழமை இடைவேளையில் ஸக்கரியா மாஸ்டர், அதிபர் தவிர்ந்த பதினைந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு மிளகும் ஒரு ஏலக்காயும் கொடுத்தார். அலுமாரிக்குப் பின்னால் ஒரு டின் வைத்திருந்தார். விழும் சத்தத்தில் மிளகா ஏலமா என்று தெரிந்துவிடக் கூடாதென்று டின்னின் அடியில் துணி மடித்துப் போட்டிருந்தார். சுந்தரம்மாவையும் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார்கள். எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஸக்கரியா மாஸ்டர் கரும்பலகையில் எழுதியதை உரக்க வாசித்தார்:

"அதிபருக்கு வந்த துண்டை எழுதியவர் ஏலத்தைப் போடவும். எழுதாதவர் மிளகைப் போடவும். மற்றதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்."

ஒவ்வொருவராக அலுமாரிக்குப் பின்னால் போய்வந்தார்கள். கடைசியில் அவர் டின்னை வெள்ளைத்தாளில் கவிழ்த்தார். பதினைந்து மிளகு. அவர் துணியையும் உதறிப் பார்த்தார். பதினைந்து மிளகுதான்.

அதிபர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். மறுநாள் அவர் வரவில்லை. வயிற்றுக்கோளாறு, மருத்துவ விடுமுறை என்று கடிதம் வந்தது. கண்டியில் மைத்துனர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று அடுத்த வீட்டுக்காரர் சொன்னார். அன்று பதினைந்து வீட்டுத் தேத்தண்ணியில் ஏலம் மணந்தது.

புதன்கிழமை விருந்து நடந்தது, பாதி மனதோடு. பரிசுகள் பெயர் ஒட்டி மேசையில் வைக்கப்பட்டிருந்தன. ஆளுக்கொன்று எடுத்தார்கள். லெட்சுமணனுக்கு ஒரு விசில் கிடைத்தது, அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். புஷ்பவதிக்கு ஒரு ரவிக்கைத் துணி. ஸக்கரியா மாஸ்டர் கடைசியாக மேசைக்குப் போனார். அவர் பெயரில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் அவருக்குத் தர வேண்டியவர் கண்டியில் இருக்கிறார். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. மேசையில் இன்னும் ஒரு பொட்டலம் இருப்பதைப் பார்த்துத்தான் திடுக்கிட்டார். அதில் 'அதிபர்' என்று தட்டச்சில் அடித்து ஒட்டியிருந்தது.

பரிசு இருக்கிறது. அப்படியானால் கொடுப்பவர் இங்கேயே இருக்கிறார். இங்கேயே இருந்துகொண்டு மிளகைப் போட்டிருக்கிறார்.

அவர் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். கோப்பைகளைப் பொறுக்க வந்த சுந்தரம்மா பதறினாள்.

"மாஸ்டர், மெல்ல! பீங்கான், ஒடைஞ்சிரும்."

சொன்ன பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரகசியம் போய்விட்டது என்ற கவலை அவளுக்கு. ஸக்கரியா மாஸ்டர் அவளை வாசற்பக்கம் கூட்டிப்போனார்.

"சுந்தரம்மா, பெரிய சேருக்கு நீங்களா?"

"ஆமா மாஸ்டர். சொல்லக்கூடாதே, வாய் தவறிருச்சு."

"அப்ப அந்தத் துண்டு?"

"அனுப்பினேனே. பள்ளிக்கூடம் மூடின அன்னைக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கதவுக்குக் கீழால போட்டேன். ஒரு நாயி தொரத்திருச்சு."

"அனுப்பினீங்க. ஏலம் போட வேண்டியதுதானே? ஏன் மிளகப் போட்டீங்க?"

அவள் அவரை ஒரு விதமாகப் பார்த்தாள்.

"எழுதினவங்கதானே ஏலம் போடச் சொன்னீங்க? நான் எழுதலியே. எனக்கு எழுதத் தெரியாதே மாஸ்டர். சம்பளத்துக்குக் கையெழுத்து வைக்கப் பேரு மட்டுந்தான் எழுதுவேன். யாரோ சொந்தக் கையால எழுதி மாட்டிக்கிட்டாங்க, அதத்தான் புடிக்கிறீங்கன்னு நெனச்சேன். நான் சட்டப்படி கோர்ட்டு வாசல்ல மனு, பெட்டிசம் எல்லாம் டைப் அடிக்கிறவருகிட்ட போனேன். பொட்டிக்குள்ள இருந்த பேரையும் அவருதான் வாசிச்சாரு. அவரு வெளியாளு, நம்ம வெளையாட்டுல இல்ல. ரகசியம் போகாதில்ல?"

"என்னன்னு அடிக்கச் சொன்னீங்க?"

"பெரிய சேருக்குப் புதன்கிழமை ஒண்ணு வரும், அவரு எப்ப வருவாரு, எப்ப போவாரு, தேத்தண்ணிக்கு எத்தனை சீனி, எல்லாம் எனக்குத் தெரியும்னு சொன்னேன். மரியாதையா அடிங்கன்னேன். அவரு நல்லா மரியாதையாத்தான் அடிச்சாரு. வாசிச்சுக் காட்டினப்ப எனக்கே பயமா இருந்திச்சு, அவ்வளவு மரியாதை."

ஸக்கரியா மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பழக்கத்தில் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. பதினொரு வருடம் அவள் போட்ட தேத்தண்ணி குடித்திருக்கிறார். நீதி என்று சொல்லி அவள் பெயரைப் பெட்டிக்குள் போட்டவர் அவர்தான். டின்னில் சத்தம் கேட்கக்கூடாதென்று துணி மடித்துப் போட்டவரும் அவர்தான். உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே மாஸ்டர்" என்றாள் அவள், அவர் எதை யோசிக்கிறார் என்று தெரிந்தவள்போல. "யாரும் கேட்கல."

சனிக்கிழமை இருவரும் கண்டிக்கு ரயில் ஏறினார்கள். மைத்துனர் வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் தட்டிய பிறகு சன்னல் ஒரு விரற்கடை திறந்தது. சவரம் செய்யாத முகம் ஒன்று தெரிந்தது.

"மாஸ்டரா? தனியாவா?"

"சுந்தரம்மாவும் வந்திருக்கு சேர். துண்டு அனுப்பினவங்க இவங்கதான்."

உள்ளே கூட்டிப்போய்க் கதையைக் கேட்டதும் அதிபரின் முகத்தில் முதலில் உயிர் வந்தது. அடுத்ததாக நிறம் வந்தது. அதற்குப் பின்னால் பதவி வந்தது. அவர் உடுத்தியிருந்த சாரத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் பயந்து வந்தேன்னு யாரும் நெனக்கக் கூடாது. ஒரு நிர்வாகி எல்லா நிலைமைக்கும் முன்கூட்டியே ஆயத்தமா இருக்கணும். கருத்தரங்குல அதுதான் சொன்னாங்க."

சுந்தரம்மா பொட்டலத்தை நீட்டினாள். மூடி போட்ட ஒரு பீங்கான் கோப்பை.

"நீங்க பேசத் தொடங்கினா நிப்பாட்ட மாட்டீங்க சேர். தேத்தண்ணி ஆறிப்போகும், ஈ விழும். நான் எத்தனை தடவை மாத்திக் கொண்டுவாறது? அதான் மூடியோட."

அதிபர் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். அன்று அவர் வாயிலிருந்து பேச்சு வராதது அந்த ஒரு தடவைதான். பிறகு ஸக்கரியா மாஸ்டருக்குத் தன்னிடமிருந்து ஒரு பரிசு சேரவேண்டும் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. சட்டைப்பையிலிருந்து தன் பேனையை எடுத்து, கணித ஆசிரியர்களின் சேவையைப் பற்றிச் சின்ன உரை ஒன்று ஆற்றி, அதை அவர் கையில் கொடுத்தார். இருவரும் விடைபெற எழுந்தபோது, "ஒரு நிமிஷம் மாஸ்டர், இந்த விடுமுறை விண்ணப்பத்தையும் கொண்டுபோய்க் குடுத்திருங்க" என்று தாளை எடுத்து, பேனையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்து, பழக்கதோஷத்தில் அதைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஸக்கரியா மாஸ்டர் திருப்பிக் கேட்கவில்லை.

வாசலில் அதிபர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தச் சுவர்க்கடிகாரம் சரியா ஓடுதா? அவசரத்துல திருத்தினது. இன்னொரு தரம் பார்க்கணும் போலிருக்கு."

வரும்போது ரயில் வத்தேகமவில் நெடுநேரம் நின்றது. சுந்தரம்மா தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அவளுக்குக் கிடைத்த பரிசு, மூன்று வாசனைச் சவுக்காரம்.

"உங்களுக்கு என்ன கிடைச்சிச்சு மாஸ்டர்?"

"எனக்கா? பேனை."

"அதத்தான் அவரு திரும்பப் போட்டுக்கிட்டாரே, நான் பார்த்தேன். இந்தாங்க, ஒண்ணு நீங்க எடுங்க."

ஒருவருக்கு ஒரு பரிசுதான், கொடுத்ததைப் பிரித்து இன்னொருவருக்குக் கொடுப்பது விதியில் இல்லை என்று சொல்ல அவர் வாயெடுத்தார். பிறகு சவுக்காரத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். மல்லிகை.

தை மாதத்தில் சுவர்க்கடிகாரம் மறுபடியும் திருத்தப் போனது. அந்த வருடம் முடிவதற்குள் அதிபருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நெருக்கடியான காலத்தில் பாடசாலையைப் பதற்றமின்றி நடத்தியவர் என்று பிரியாவிடையில் பேசினார்கள். பதற்றமின்றி என்ற சொல்லுக்குப் புஷ்பவதி டீச்சர் மட்டும் இருமினார்.

1989இல் பள்ளிக்கூடம் நடந்த நாட்களை எண்ணுவது இலேசு. அந்த வருடத்தின் நடுவில் ஒரு காலை, கோர்ட்டு வாசலில் பெட்டிசம் அடித்தவரை அவருடைய தட்டச்சு இயந்திரத்தோடு ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கேட்டதை அடித்துக் கொடுத்த மனிதர் அவர். யார் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஊரில் இரண்டு கதை இருந்தது. சுந்தரம்மா அந்த வாசல் பக்கம் போவதை விட்டுவிட்டாள். ஸக்கரியா மாஸ்டர் பரீட்சை வினாத்தாள் தயாரிக்கும்போது, முதலில் பாடசாலையின் தேத்தண்ணி அறைக்குப் போய் ஒவ்வொரு வினாவையும் சுந்தரம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். கணிதம் அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் எந்த வினாவில் என்ன கேட்கிறார்கள் என்று விளங்கவில்லையோ அதை அவள் சரியாகச் சொன்னாள்.

1991இல் புதிய அதிபர் விளையாட்டைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். நெருப்புப் பெட்டிகள் வந்தன. துண்டு அனுப்பும் வழக்கம் வேண்டாம் என்றார் ஸக்கரியா மாஸ்டர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கடைசி நாளில் அவருக்கு ஒரு குடை கிடைத்தது, கறுப்பு, மரப்பிடி போட்டது. யார் கொடுத்தது என்று அவர் இன்றுவரை விசாரிக்கவில்லை. மஸூதா விசாரித்தாள். மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.